குடில் வைத்தால் அவரை மறந்துவிட்டதாக ஆகுமா?

வாசகர் கடிதம் (சுருக்கம்):

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கோரக் கடற்கரையில் ஒரு மீனவ ஊர் எங்களுடையது. கத்தோலிக்கக் குடும்பம். என் கணவர் விசைப்படகில் தங்குகடல் தொழிலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போனவர். 2017 நவம்பரில் ஒக்கிப் புயலில் அந்தப் படகே திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. இறப்புச் சான்றிதழ் வந்தது, நிவாரணப் பணமும் வந்தது. அப்போது மகனுக்கு 4 வயது, இப்போது 12. கணவருடைய செல்பேசி எண்ணுக்கு இன்றும் ரீசார்ஜ் செய்துவருகிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு ஆண்டுகளாகத் தையல் வேலை செய்கிறேன். இந்த ஆண்டு மே மாதம் எங்கள் பங்குப் பிள்ளைகளின் புதுநன்மைக்கு (முதன்முறை நற்கருணை வாங்கும் விழா) வெள்ளை உடைகள் தைத்துக் கொடுத்தேன். கடைசி உடையை முடித்த இரவு நன்றாகத் தூங்கினேன். காலையில் அடுப்படியில் நின்று என்னையறியாமல் பாடிக்கொண்டிருந்தேன். மாமியார் வாசலில் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது.

ஒரு ஜெபக்கூட்டத்தில், "உண்மையான விசுவாசம் இருந்தால் இத்தனை ஆண்டு அழமாட்டாய், கடவுள் புதுவாழ்வின் அடையாளத்தைக் காட்டுவார்" என்றார்கள். எனக்கு ஓர் அடையாளமும் தெரியவில்லை. கடவுள்மீது கோபம்தான் வருகிறது. அது பாவமா? இந்த ஆண்டு வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் வைக்க வேண்டும் என்று மகன் கேட்கிறான். அவன் அப்பா போன பிறகு நாங்கள் வைத்ததே இல்லை. வைத்தால் அவரை மறந்துவிட்டதாக ஆகாதா? இன்னொன்று: என் அண்ணன் மறுமணப் பேச்சை எடுக்கிறார். சபையில் அதற்கு இடம் உண்டா?

ஆலோசகரின் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

குடிலை வையுங்கள். கடிதத்தின் நடுவில் ஒளித்துவைத்துக் கேட்டிருந்தாலும் உங்களை எழுத வைத்த கேள்வி இதுதான் என்று படுகிறது. அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் கொஞ்சம் இடம் வேண்டும்.

நான் உளநல ஆலோசகர், குருவானவர் இல்லை. ஆனால் நீங்கள் முழங்காலிடும் அதே சபையில் முழங்காலிடுகிறவள். இரண்டையும் கலந்துதான் எழுதுகிறேன்.

உங்களுக்கு நேர்ந்ததை உளவியலில் 'தெளிவற்ற இழப்பு' என்பார்கள். பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்பநல ஆய்வாளர், வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்தபோது இதை அடையாளம் கண்டார். உடலைக் குளிப்பாட்டி, உடுத்தி, மண் போட்டு மூடும்போதுதான் மனம் ஒரு மரணத்தை ஒப்புக்கொள்ளத் தொடங்குகிறது. கடல் உங்களுக்கு அதைத் தரவில்லை. எட்டு ஆண்டுகளாகியும் ஆறவில்லையே என்று உங்களை நீங்களே குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டாம். இது உங்கள் மனபலத்தின் குறை அல்ல, விசுவாசத்தின் குறையும் அல்ல. நிகழ்ந்த விதமே அப்படி.

பாஸ் கண்ட இன்னொன்று உங்களுக்கு இன்னும் முக்கியமானது. "அவர் போய்விட்டார், முடித்துக்கொள்" என்று தன்னை நெருக்கிக்கொண்டவர்கள் தேறிவிடவில்லை. "அவர் அநேகமாக இல்லை, ஒருவேளை இருக்கலாம்; எப்படியானாலும் அவர் என் கணவர், இன்றைய அடுப்பை நான் மூட்ட வேண்டும்" என்று இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொள்ளப் பழகியவர்களே மெல்ல எழுந்தார்கள். ஆகவே அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்வதை நிறுத்தச் சொல்லமாட்டேன். அது உங்கள் பணம், உங்கள் கணவர். இரவு முழுக்க அந்த எண்ணை அழைத்துக்கொண்டே இருந்தால் மட்டும் என்னிடம் சொல்லுங்கள்.

இப்போது ஜெபக்கூட்டத்தில் கேட்ட பேச்சுக்கு வருகிறேன். அதைச் சொன்னவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் அது வேதத்தில் இல்லாத போதனை. நம் வீடுகளின் சுவர்க் காலண்டர்களில் அடிக்கடி பார்க்கும் ஒரு வசனத்தையே எடுத்துக்கொள்வோம்: ஆண்டவரின் இரக்கங்கள் "காலைதோறும் புதியவைகள்". சூரியோதயப் படம் போட்டு, பூக்கள் போட்டு அச்சடித்திருப்பார்கள். அது எந்த நூலில் இருக்கிறது தெரியுமா? புலம்பல் நூலில். கி.மு. 587-ஐ ஒட்டிப் பாபிலோனியர் எருசலேமை இடித்து எரித்த பிறகு எழுந்த அழுகை அது. அதன் முதல் வசனமே அந்த நகரத்தைக் கைம்பெண்ணுக்கு ஒப்பிட்டுத்தான் தொடங்குகிறது.

அந்த நூலில் 5 அதிகாரங்கள். காலண்டர் வசனம் 3-ஆம் அதிகாரத்தில், 22, 23-ஆம் வசனங்களில் வருகிறது. நூலின் நடுவில். அதற்குச் சற்று முன்னால், 18-ஆம் வசனத்தில், அதே மனிதன்தான் தன் நம்பிக்கை அழிந்துபோயிற்று என்கிறான். 8-ஆம் வசனத்தில், கூப்பிட்டாலும் கடவுள் என் ஜெபத்துக்குக் கதவடைக்கிறார் என்கிறான். 10-ஆம் வசனத்தில் இன்னும் ஒருபடி போய், கடவுள் எனக்காகப் பதுங்கியிருக்கும் கரடி என்கிறான். கோபம் பாவமா என்று கேட்டீர்களே, இதைவிடக் கடுமையாக நீங்கள் ஏதாவது சொல்லிவிட்டீர்களா? சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. சபை இந்த வார்த்தைகளை வேதத்திலிருந்து நீக்கவில்லை, ஆண்டவரின் வாக்கு என்று சொல்லி வாசிக்கிறது. கோபப்படுகிறவள் இன்னும் அவரோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறாள்.

அந்த அழகான வசனத்தோடு அழுகை முடிந்துவிட்டதா? இல்லை. அதே அதிகாரத்தின் 54-ஆம் வசனத்துக்கு வாருங்கள்: தண்ணீர் என் தலைக்குமேல் புரண்டது, தொலைந்தேன் என்றேன் என்கிறான். உங்கள் ஊரில் இதை ஒருவரும் கண் நனையாமல் வாசிக்க முடியாது. அதற்குப் பின்னும் இரண்டு அதிகாரங்கள் புலம்பல் தொடர்கிறது. நூலின் கடைசி வசனம் ஒரு நடுக்கம்: எங்களை அடியோடு தள்ளிவிட்டீரோ? யூதர்கள் இதைத் தொழுகைக்கூடத்தில் வாசிக்கும்போது அந்த வசனத்தோடு நிறுத்த மனம் வராமல், அதற்கு முந்திய வசனத்தை இன்னொரு முறை வாசித்து முடிப்பார்கள். அது, எங்கள் நாள்களை முன்போல் புதுப்பியும் என்ற மன்றாட்டு.

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். அழுகை எல்லாம் தீர்ந்த பிறகு நம்பிக்கை வந்து கதவைத் தட்டும் என்று யாரோ உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வேதத்தில் அது அழுகையின் நடுவில் வருகிறது. வந்த பிறகும் அழுகை நிற்பதில்லை. ஆகவே மே மாதம் பாடியவள் ஜூனில் அழுதால் அந்தப் பாட்டு பொய்யாகிவிடாது. அடுத்த மாதம் அழப்போகிறவள் என்பதற்காக இன்று குடில் வைக்கத் தகுதியற்றவளாகவும் ஆகமாட்டீர்கள்.

அடையாளம் ஒன்றும் தெரியவில்லை என்கிறீர்கள். உங்கள் கடிதத்தையே ஒருமுறை திரும்பப் படியுங்கள். பாலைநிலத்தில் ஒரு செடியின் அடியில் விழுந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்ட எலியாவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும் (1 அரசர்கள் 19). வானதூதர் வந்து அவருக்கு அறிவுரை சொல்லவில்லை. விசுவாசம் போதாது என்று கடிந்துகொள்ளவும் இல்லை. சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்தார். எலியா சாப்பிட்டு மறுபடியும் தூங்கினார். தூதர் மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தார். கடவுளோடு பேச்சு எல்லாம் நெடுந்தூரம் நடந்து மலையை அடைந்த பிறகுதான். பல ஆண்டுகளுக்குப் பின் ஓர் இரவு நன்றாகத் தூங்கினேன் என்று ஒரு பெண் எனக்கு எழுதினால், அதை நான் சாதாரணமாகக் கடந்துபோவதில்லை. ஆலோசகர் என்ற முறையிலும் சரி, விசுவாசி என்ற முறையிலும் சரி.

அந்தத் தூக்கம் எப்போது வந்தது என்பதையும் பாருங்கள். பிறர் பெற்ற பிள்ளைகள் நற்கருணை வாங்கப் போவதற்காக, அவர்கள் தோளளவு எடுத்து, வெள்ளைத் துணி அழுக்காகாமல் மடியில் விரிப்பு போட்டுக்கொண்டு, இரவெல்லாம் விளக்கடியில் தைத்த பிறகு. உங்கள் மகனுடைய புதுநன்மை எப்படி நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அப்பா இல்லாமல் நடந்திருக்கும். அந்த வலி உள்ள கை, வேறு பிள்ளைகளின் காலரை நேராக்கித் தைக்கிறது. இதற்கு மேல் எந்த அடையாளத்தை வானத்தில் தேடுகிறீர்கள்?

கனவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. கணவர் கனவில் வருவது இயல்பு. ஈரச் சட்டையோடு வருவார், சிரித்துக்கொண்டு வருவார், சில நாள் கோபமாகவும் வருவார். அதற்குப் பலன் சொல்லிக் காணிக்கை வாங்குகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். காணாமல் போனவர்களின் வீடுகளை மோப்பம் பிடித்து வருகிறவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள், நம்மிலும்.

இயேசுவின் உயிர்ப்புக்குப் பிறகு நடந்ததாக யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரம் சொல்லும் காட்சி உங்கள் கரைக்கு மிகவும் பொருந்துவது. பேதுரு, மீன்பிடிக்கப் போகிறேன் என்று கிளம்புகிறார். மற்றவர்களும் சேர்ந்து மொத்தம் ஏழு பேர். இரவு முழுக்க ஒரு மீனும் படவில்லை. விடியும்போது கரையில் ஒருவர் நிற்கிறார். வலையை வலப்பக்கம் வீசச் சொல்கிறார். கரையேறிப் பார்த்தால் கரிநெருப்பு மூட்டி, அதன்மேல் மீன் வைத்திருக்கிறது, அப்பமும் இருக்கிறது. வந்து சாப்பிடுங்கள் என்கிறார். சாவை வென்றவர் செய்த வேலை, இரவெல்லாம் கடலில் கிடந்தவர்களுக்குக் காலைச் சாப்பாடு சமைத்தது. தம்மை மூன்று முறை மறுதலித்த பேதுருவிடம் அந்தப் பேச்சையே சாப்பாடு முடிந்த பிறகுதான் எடுக்கிறார். அடுப்படியில் நின்று பாடியதற்குக் கூசினேன் என்று எழுதினீர்களே, அந்த வரிக்கு என் பதில் இந்தக் காட்சிதான்.

இனி நடைமுறை. உங்களுக்கு நவம்பர், டிசம்பர் ஒரு நீண்ட கண்டம். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். ஊரே பூவும் மெழுகுதிரியும் எடுத்துக்கொண்டு போகும்போது உங்களுக்குப் போக ஒரு கல்லறை இல்லை. புயல் அடித்த நவம்பர் 30 மீனவரான புனித அந்திரேயாவின் திருநாள். (இதில் ஏதோ தெய்வத் திட்டம் இருக்கிறது என்று யாராவது விளக்கம் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், என்னால் அதைப் பொறுக்க முடிவதில்லை.) டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா. அதற்குள் தெருவெங்கும் நட்சத்திர விளக்குகள் ஏறிவிடும்.

இந்த ஆண்டு, 2025-இல், இன்னொன்றும் சேர்கிறது. நவம்பர் 30 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறும் அன்றுதான். அன்றைய நற்செய்தி மத்தேயு 24, வசனம் 37 முதல் 44 வரை. நோவா காலத்து வெள்ளம் வந்து எல்லாரையும் அடித்துக்கொண்டு போனதைப் பற்றியும், இருவரில் ஒருவர் எடுத்துக்கொள்ளப்பட்டு மற்றவர் விடப்படுவதைப் பற்றியும் அதில் வருகிறது. எச்சரிக்கை இல்லாமல் பீடத்திலிருந்து இது காதில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் முன்னதாகவே வீட்டில் ஒருமுறை, பகல் வெளிச்சத்தில், யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்துவிடுங்கள். ஆலயத்தில் ஓரமாக உட்காருங்கள். எழுந்து வெளியே போகத் தோன்றினால் போங்கள். நற்கருணைக்குத் திரும்பி வந்தால் போதும். உங்கள் பங்குத்தந்தையிடமும் முந்திய வாரமே சொல்லிவையுங்கள்: அன்று பீடத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனையோ பேர் புயலில் ஆளைப் பறிகொடுத்தவர்கள், மறையுரையில் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று. தயங்காதீர்கள், இதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அன்று திருவருகைக் காலத்தின் முதல் மெழுகுதிரி ஏற்றும்போது அதை உங்களைப் போன்ற ஒரு வீட்டுப் பிள்ளை ஏற்றலாமா என்றும் கேட்டுப்பாருங்கள்.

கல்லறைத் திருநாளன்று, கல்லறைத் தோட்டத்தின் பெரிய சிலுவையடியில் அவர் பெயரைச் சொல்லி ஒரு திரி ஏற்றுங்கள். உடல் கிடைக்காதவருக்கும் இறந்தோருக்கான திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சபையில் இடம் உண்டு. ஆனால் அதற்கு மனம் ஒப்பாவிட்டால், காணாமல் போனவருக்காக என்று சொல்லியே பூசைக் கருத்துக் கொடுங்கள். எந்தச் சொல் வாயில் வருகிறதோ அதுவே போதும்.

மாமியாரை விட்டுவிடாதீர்கள். அவர் வாசலில் நின்று ஒன்றும் சொல்லாமல் போனதை நீங்கள் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டீர்கள். அவர் மனதில் என்ன இருந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டு எட்டு ஆண்டாகிறதே என்றுகூட நின்றிருக்கலாம். அவர் மகனை இழந்தவர். மருமகளுக்கு ஆறுதல் சொல்ல ஊர் கூடுகிறது, தாய்க்கு அந்த அளவு கூடுவதில்லை. குடில் வேலையில் அவரையும் இழுத்துவிடுங்கள். "அம்மா, அவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது வீட்டில் குடில் எப்படி வைப்பீர்கள்?" என்று மகன் முன்னால் கேளுங்கள்.

மகனுக்கு இது உங்களைவிட அவசியம். 4 வயதில் அப்பாவைப் பிரிந்தவனுக்குச் சொந்த நினைவு என்று அதிகம் இருக்காது. பெரியவர்கள் சொல்லித்தான் அவன் அப்பாவைச் சேர்த்துவைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் யாரும் பேசாவிட்டால் அப்பாவைப் பற்றிக் கேட்பதே தப்பு என்று படித்துக்கொள்வான். பன்னிரண்டு வயதுப் பையன் குடில் கேட்பதன் பின்னால் வேறு கேள்விகள் வரிசையில் நிற்கின்றன. கடற்கரை மணலை அவனையே அள்ளிவரச் சொல்லுங்கள். மேய்ப்பர்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படகு வைக்க வேண்டும் என்று அவன் சொன்னால் தடுக்காதீர்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். அப்பாவின் படத்தைக் குடிலுக்குள் வைக்க வேண்டாம், அருகில் இருக்கட்டும். பிறப்பின் காட்சி பிறப்பாகவே அவனுக்குக் கிடைக்கட்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தூக்கம் மறுபடியும் வாரக்கணக்கில் போய்விட்டாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ, தையல் இயந்திரத்தைத் தொடவே மனம் வராவிட்டாலோ, நானும் அவரிடமே போய்விடலாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலோ, அதை ஜெபத்தால் மட்டும் சமாளிக்கப் பார்க்காதீர்கள். 14416 என்ற அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று எவராவது சொன்னால், அவர் சர்க்கரைக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேளுங்கள்.

மறுமணம் பற்றிக் கேட்டீர்கள். கணவர் இறந்துவிட்டால் மனைவி மறுமணம் செய்யச் சுதந்திரம் உள்ளவள் என்று பவுலே எழுதியிருக்கிறார் (1 கொரிந்தியர் 7:39). அதில் பாவம் ஏதும் இல்லை. மரணத்தை ஆவணத்தால் நிரூபிக்க முடியாத நிலையில் என்ன செய்வது என்பதற்குத் திருச்சபைச் சட்டத்தில் 1707-ஆம் பிரிவு இருக்கிறது: ஆயர் விசாரித்து, மரணம் நிகழ்ந்திருக்க வேண்டும் என்று உறுதியாக நம்பினால், அதை அறிவிப்பார். நீண்ட காலம் ஆளைக் காணவில்லை என்பது மட்டும் அதற்குப் போதாது. உங்களிடம் அரசின் சான்றிதழ் இருக்கிறது. அதையும் திருமணச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு பங்குத்தந்தையைப் பாருங்கள். அது போதுமா, ஆயரகத்துக்கு அனுப்ப வேண்டுமா என்று அவர் சொல்வார். அனுப்ப வேண்டியிருந்தால், அந்தப் படகைக் கடைசியாகக் கடலில் பார்த்தவர்கள், தேடப் போனவர்கள் ஆகியோரின் வாக்குமூலம் உதவும். அவர்கள் ஊரில் இருக்கும்போதே எழுதி வாங்கிவைப்பது நல்லது, இப்போது மறுமணம் வேண்டாம் என்றாலும்கூட. அண்ணனிடம், வேண்டும் என்று தோன்றும்போது நானே வந்து சொல்கிறேன், அதுவரை பேச்சை எடுக்காதே என்று சொல்லிவிடுங்கள்.